முதலாளிக் கணக்கில் ஒரு முதலை

கைப்பேசி சிணுங்கியபோது மாப்பிள்ளையின் வாய் நிறையக் கேக் இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அவருக்கு வாய்த்த முதல் ருசியான வழக்கு இது. இதற்கு முந்தைய வழக்கு கழிவுநீர்க் குழாய் செய்யும் கம்பெனியில் நடந்தது.

“விழுங்குங்க மாப்பிள்ளை. விழுங்கிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார் நிதானம்.

நிதானம் என்பது ஊர் வைத்த பெயர். அவர் நடந்தால் நிழல் முந்திக்கொண்டு போய்க் காத்திருக்கும் என்பார்கள். தங்கையை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி மூடிக்கொண்டதும், தன் துப்பறியும் அலுவலகத்தில் ஒரு நாற்காலியையும் சீர்வரிசையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளை விழுங்கினார். பொத்தானைத் தட்டினார்.

“வணக்கம் சார். முதலை வடிவத்துல ஒரு கேக் தேடிட்டிருக்கீங்களாமே” என்றது ஒரு பெண் குரல். சாலை முனையில் இருக்கும் போட்டிக் கடையின் பெயரையும் சொன்னது.

அந்த அறைக்குச் சொந்தக்காரியான கேக் கடை முதலாளியம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாங்க. வாய் திறந்த முதலை. பல்லெல்லாம் தெரியணும்” என்றார் மாப்பிள்ளை.

“பல்லை வெள்ளைச் சாக்லேட்ல செஞ்சு தர்றோம் சார். பிறந்தநாளுக்கா?”

“மாமியாருக்கு.”

எதிர்முனையில் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது.

“அது சரி, என் நம்பர் உங்களுக்கு எப்படிங்க கிடைச்சுது?” என்றார் மாப்பிள்ளை.

“எங்க முதலாளி எங்கிருந்தோ வாங்குறாரு சார். யாருக்கு என்ன கேக் வேணும்னு கம்ப்யூட்டர்ல வரும். கூப்பிட்டுப் பேசறது மட்டும்தான் என் வேலை.”

“யோசிச்சுச் சொல்றேங்க” என்று மாப்பிள்ளை வைத்துவிட்டார். பிறகு மச்சானைப் பார்த்தார். “எங்க அத்தைக்கு, அதாவது உங்க அம்மாவுக்கு, முதலை பிடிக்குமா மச்சான்?”

“அம்மா காதுல விழாத வரைக்கும் பிடிக்கும்” என்றார் நிதானம்.

அறையில் சிரிக்காதவர் முதலாளியம்மா ஒருவர்தான். அவர் கண் கதவோரம் நின்ற பெட்டியின் மேல் இருந்தது. பழைய துணிப்பெட்டி; பூட்டு சரியாக விழாததால் கயிறு கட்டியிருந்தது. அது அவருடைய நாத்தனாரின் பெட்டி. கணவரின் தங்கையான அவள் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் தங்கி, கேக்குகளுக்குச் சர்க்கரைப் பூ வைப்பவள். இன்று மதியத்துக்குள் தன் மேல் குற்றமில்லை என்று தெரியாவிட்டால் அவள் அந்தப் பெட்டியோடு வெளியேற வேண்டும். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக இந்தக் கடையில் யார் பெரிய கேக் சொன்னாலும், மறுநாளே சாலை முனைக் கடையிலிருந்து அவர்களுக்கு அழைப்பு போய்விடும். “நீல யானை போட்ட மூணு அடுக்குக் கேக்தானே? நாங்க இன்னும் மலிவா செஞ்சு தர்றோம்.” வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு துரோகி என்று முதலாளியம்மா முடிவு கட்டினார். துரோகி என்றதும் விரல் தானாக நாத்தனார் பக்கம் திரும்பியது. அந்த விரலுக்கு அது பழகிய திசை.

நிதானம் ஒரு சாயங்காலம் மட்டும் தவணை கேட்டிருந்தார். அந்தச் சாயங்காலத்தில் இல்லாத மூன்று கேக்குகளைப் பிறக்க வைத்தார். முதலாளியம்மாவின் கம்ப்யூட்டரில் ஒரு முதலைக் கேக். அதற்கு மாப்பிள்ளையின் எண். உள்ளே பூ வைக்கும் அறையில் நாத்தனாரிடம் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஏணிக் கேக். அதற்கு நிதானத்தின் எண். அடுப்பறையில் எல்லார் காதிலும் விழும்படி ஒரு பல்செட் கேக். அதற்கு மாப்பிள்ளையின் மனைவியின் எண். எந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறதோ, அந்த இடத்தில் ஓட்டை.

ஏணி அசையவில்லை. பல்செட் வாய் திறக்கவில்லை. முதலைதான் கரையேறியிருந்தது.

“நான் சொன்னேன்ல. என் கம்ப்யூட்டரைத்தான் நோண்டியிருக்கா. என் பாஸ்வேர்டை எப்படியோ பார்த்து வச்சிருக்கா” என்றார் முதலாளியம்மா.

“அம்மா, நேத்து முதலையை டைப் பண்ணதும் இந்த ரூமை நான்தான் பூட்டினேன். சாவி ராத்திரி முழுக்க என் தலையணைக்கு அடியில இருந்துச்சு. இன்னிக்குக் காலையில நானேதான் திறந்தேன்.”

“இவர் தலையணைக்கு அடியில போன எதுவும் திரும்பி வராது. என் சம்பளம் ஒரு தடவை போச்சு” என்றார் மாப்பிள்ளை.

நிதானம் கண்ணை மூடிக்கொண்டார். அது அவருடைய பழக்கம். ஒருவர் மேல் குற்றம் சொல்வதற்கு முன்னால் கடவுளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பார். கடவுள் சில நேரம் உடனே பதில் சொல்வார், சில நேரம் மாப்பிள்ளைக்குப் பசி எடுத்துவிடும்.

இன்று பதில் சீக்கிரம் வந்தது போலிருந்தது. அவர் கண்ணைத் திறந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். அதில் ஒரு பூனைக்குட்டி நடந்துகொண்டிருந்தது.

சாம்பல் நிறக் குட்டி. திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அசைந்து அசைந்து போகும். கடிகாரம் தெரியும் இடத்துக்கு வந்ததும் சுருண்டு படுக்கும். மவுஸ் அம்பைக் கிட்டே கொண்டுபோனால் காலால் தட்டும்.

“ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்கலையாம்மா?”

“அணைக்கிறதே இல்லை.” முதலாளியம்மாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. “அணைச்சா அது எங்க போய்த் தூங்கும்?”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நிதானம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“இந்தக் குட்டியை யார் கொடுத்தாங்க?”

“இவர்தான்.” அடுப்பறை வாசலில் நின்ற கணவரை அவர் கண்ணால் காட்டினார். அந்தக் கண்ணில் கொஞ்சம் பெருமை இருந்தது. “நானும் இவரும் சேர்ந்து வாழ்ந்த இத்தனை காலத்துல, யாரும் சொல்லாம இவரா யோசிச்சுச் செஞ்ச காரியம் இது ஒண்ணுதான்.”

கணவர் காலையிலிருந்து மாலை வரை அடுப்பின் முன் நிற்பவர். அந்தச் சூட்டுக்கெல்லாம் வேர்க்காத நெற்றி இப்போது வேர்த்தது. மாப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டார். மச்சானின் காதருகே குனிந்து, “ஆள் கசியறாரு” என்றார்.

“பார்த்தேன்” என்று முணுமுணுத்த நிதானம், முதலாளியம்மா பக்கம் திரும்பினார். “டவுன்லோடு பண்ணும்போது கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டுச்சாம்மா?”

“‘இது உங்க கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யலாமா’ன்னு ஏதோ கேட்டுச்சு. சரின்னு தட்டினேன். எதைத் தொட்டாலும் அப்படித்தான் கேட்கும். நானும் சரின்னு தட்டுவேன். முதலாளியே நான்தானே, வேற யார் சரின்னு சொல்றது?”

“உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்ல?”

“அவளுக்கு எதுக்கு அதெல்லாம்? அங்கே சாதாரணக் கணக்குதான். கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்தவர் எனக்கும் சாதாரணக் கணக்கு ஒண்ணு போடுறேன், தினசரி வேலைக்கு அதுவே போதும்னார். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை, அதான் முதலாளிக் கணக்கை, எப்பவாவது திறந்தா போதுமாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். என் கடையிலேயே நான் சாதாரண ஆளா? அவளுக்கு வேணும்னா போடுங்க, எனக்கு முதலாளிக் கணக்கு மட்டும் போதும்னுட்டேன்.”

“ஆர்டர் எடுக்கறது, படம் பார்க்கறது, சீட்டு விளையாடறது எல்லாமே அந்தக் கணக்குலதானா?”

“எல்லாமே.”

நிதானம் எழுந்தார். சுவரோரம் போய் இணைய வயரை மெதுவாகப் பிடித்து, மெதுவாக இழுத்து, மெதுவாகக் கீழே வைத்தார். அவர் வாழ்க்கையில் அவசரப்பட்டுச் செய்தது அதுவாகத்தான் இருக்கும்.

“குட்டி சும்மா நடக்கலைம்மா. நீங்க டைப் பண்றதையெல்லாம் படிச்சு வெளியே யாருக்கோ அனுப்பிட்டிருக்கு. அந்த யாரோ அதை விற்கறான். சாலை முனைக் கடைக்காரர் வாங்கறார். அது திருட்டுச் சரக்குன்னு அவருக்குத் தெரியாம இருக்கலாம். நேர்ல போய்ச் சொல்லிடுவோம். இந்த வீட்டுல துரோகி யாரும் இல்லை.”

முதலாளியம்மா திரையைப் பார்த்தார். குட்டி சோம்பல் முறித்தது.

“எப்படி உள்ளே வந்துச்சு?”

“நீங்கதான் சரின்னு சொன்னீங்க. சாதாரணக் கணக்குக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. யாராவது உள்ளே வந்து உட்காரணும்னு கேட்டா, ‘நான் வேலைக்காரன், முதலாளியைக் கேளு’ன்னு வாசல்லயே நிறுத்தி பாஸ்வேர்டு கேட்கும். எல்லாத் திருடனும் அதுக்கு நிக்க மாட்டான். ஆனா நிறையப் பேர் நின்னுடுவாங்க. முதலாளிக் கணக்குல கேட்க மேல யாருமே இல்லையே. ஒரு தட்டு, கதவு திறந்துடும். வந்தவன் கூடத்துல மட்டும் இல்லை, பீரோ வரைக்கும் போவான்.”

“எங்க வீட்டுல நான் சாதாரணக் கணக்குதான். சட்டை வாங்கணும்னாலும் இவர் தங்கச்சியோட அனுமதி வேணும்” என்றார் மாப்பிள்ளை.

“அதனாலதான் மாப்பிள்ளை, உங்க வீடு இன்னும் பத்திரமா இருக்கு.”

முதலாளியம்மா கணவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கணவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீங்க கொடுத்ததுன்னு மடியில வைக்காத குறையாக் கொஞ்சினேன்.”

“அவருக்கும் தெரியாதும்மா. நல்ல மனசோடதான் கொடுத்திருக்கார்” என்றார் நிதானம்.

“தெரியுது.” அவர் பெட்டியைப் பார்க்காமல் பெட்டியைச் சுட்டினார். “அதை மேலே கொண்டுபோகச் சொல்லுங்க. அவ போக வேண்டாம்.”

அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. மாப்பிள்ளை தட்டில் மிச்சமிருந்த கேக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வெற்றி பெற்ற துப்பறிவாளர்கள் சாப்பிடும்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி.

“அண்ணா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

குரல் பூ வைக்கும் அறை வாசலிலிருந்து வந்தது. நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் இளஞ்சிவப்புச் சர்க்கரை மாவு.

“நீ உள்ளே போ. எல்லாம் முடிஞ்சு போச்சு” என்றார் கணவர் அவசரமாக.

“எனக்கு முடிஞ்சுது. உனக்கு இனிமேதான் ஆரம்பம். தினமும் அண்ணி உன்னைத் திட்டுவாங்க. நான் கேட்டுக்கிட்டே குனிஞ்சு பூ வச்சிட்டிருக்கணுமா? ரோஜா கோணிக்கும்.” அவள் முதலாளியம்மாவைப் பார்த்தாள். “அந்தப் பூனைக்குட்டியை அனுப்பினது நான்தான் அண்ணி.”

கேக்கோடு போன மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நின்றது. மச்சான் முகத்தைப் பார்த்தார். நிதானத்துக்கும் இது செய்திதான் என்று தெரிந்தது. கண்ணை மூடிக் கேட்டபோது கடவுள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

“கேஸ் மறுபடி திறந்துக்கிச்சு மச்சான்.”

“சும்மா இருங்க மாப்பிள்ளை.”

“நான்தான் முதல்ல பார்த்தேன்” என்றாள் நாத்தனார். “ஏதோ ஒரு படம் தேடும்போது வந்துச்சு. என் கம்ப்யூட்டர்ல போடப் பார்த்தேன், பாஸ்வேர்டு கேட்டுச்சு. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்போ நீங்க என்கூடப் பேசிட்டிருக்கலை. கல்யாணக் கேக்குல இலையோட பச்சை சரியில்லைன்னு கோபமா இருந்தீங்க. அதான் அந்த லிங்க்கை அண்ணன் போனுக்கு அனுப்பி, ‘நீயே கொடுத்த மாதிரி அண்ணிக்குக் கொடு, என் பேரைச் சொல்லாதே’ன்னேன்.”

“நான் சொல்லியிருக்கணும்” என்றார் கணவர் தரையைப் பார்த்து. “ஆனா நீ அன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சே. சொன்னா அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு விட்டுட்டேன். அப்புறம் இன்னிக்கு இவளைக் காட்டிக்கொடுத்தா இவ வெளியே போகணும். அதான் என் தலையோட போகட்டும்னு பார்த்தேன்.”

முதலாளியம்மா எழுந்தார். உள்ளே மாவு பிசையும் இயந்திரம்கூட யாரோ சொல்லிவைத்தாற்போல் நின்றது.

“அப்போ கடைசியில நீதான்” என்றார்.

“ஆமா அண்ணி. நான்தான்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நடந்துபோய்ப் பெட்டியின் கயிற்றைப் பிடித்தாள். விடுதலையான ஆள் தானாகத் திரும்பி வந்து கூண்டில் ஏறுவதை மாப்பிள்ளை இதுவரை கண்டதில்லை. கேக்கைக் கீழே வைத்தார்.

“எதுக்கு?” என்றார் முதலாளியம்மா.

“எது அண்ணி?”

“நான்தான் உன்கூடப் பேசவே இல்லையே. என்மேல உனக்கு வயிறு எரிஞ்சிருக்கணும். அந்த நேரத்துல எனக்கு எதுக்குப் பூனைக்குட்டி?”

நாத்தனார் கயிற்று முடிச்சைத் திருகினாள்.

“நம்ம பூனை செத்தப்புறமும் அதோட கிண்ணத்தை நீங்க தினமும் கழுவி அடுப்பறை மூலையில வைக்கிறீங்க. யாரும் பார்க்காத நேரமாப் பார்த்து வைக்கிறீங்க. நான் பார்த்திருக்கேன். பார்த்துட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்குவேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலை.”

முதலாளியம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

“நீங்க சொல்லுங்க” என்றார் நிதானத்திடம். “உங்க தீர்ப்பு என்ன?”

“நான் துப்பு மட்டும்தான்மா சொல்வேன். தீர்ப்பு மேலே இருக்கிறவன் வேலை. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஒருத்தங்க அன்பா ஒண்ணு அனுப்பினாங்க. ஒருத்தங்க அன்பா வாங்கிக்கிட்டீங்க. ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியிருந்தா, ‘அண்ணி, இது பாஸ்வேர்டு கேட்குது, போடலாமா’ன்னு ஒருத்தங்க கேட்டிருப்பாங்க. கேட்டதும், ‘இரு, யார்கிட்டயாவது விசாரிப்போம்’னு இன்னொருத்தங்க சொல்லியிருப்பீங்க. பேசாத வீட்டுல திருடனுக்குப் பாதி வேலை மிச்சம்.”

மாப்பிள்ளை தன் தட்டை முதலாளியம்மா பக்கம் தள்ளிவைத்தார். அது அவருக்குப் புது அனுபவம்.

“கயித்தை விடு. இறுக்கிக் கட்டிட்டு அப்புறம் அவிழ்க்க வராது” என்றார் முதலாளியம்மா.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர்க்காரர் வந்தார். ஆர்டர்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் துடைத்து, இயந்திரத்தைப் புதிதாகப் பிறந்தது போலாக்கினார். பூனைக்குட்டி போயிற்று. அது போகும்போது முதலாளியம்மா அங்கே இல்லை. முன்பக்கம் உட்கார்ந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, “தப்பு எங்க பக்கம்தான், உங்க நம்பர் வெளியே போயிடுச்சு, மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. முதல் சில பேரிடம் அது மிரட்டல் போல ஒலித்தது. போகப் போகச் சரியாகிவிட்டது.

“முடிஞ்சுதும்மா” என்றார் கம்ப்யூட்டர்க்காரர். “மறுபடி முதலாளிக் கணக்கு மட்டும்தானே?”

“இல்லை. எனக்குச் சாதாரணக் கணக்கு ஒண்ணு போடுங்க. தினமும் அதுல வேலை செய்யறேன்.”

கம்ப்யூட்டர்க்காரர் தன் காதை நம்பாமல் நிதானத்தைப் பார்த்தார். நிதானம் தலையசைத்தார்.

“அப்போ முதலாளிக் கணக்கு?”

“அது இருக்கட்டும். அதோட பாஸ்வேர்டு என்கிட்ட வேண்டாம். என் கை சும்மா இருக்காது, எதைக் கேட்டாலும் சரின்னு தட்டிடும்.” அவர் நாத்தனாரைப் பார்த்தார். “நீ ஒண்ணு போடு. எனக்குச் சொல்லாதே.”

“அண்ணி, அப்புறம் ஒரு சின்ன விஷயம் உள்ளே போடணும்னாலும் நீங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்கணும்.”

“கேட்கிறேன்.”

அந்த ஒரு சொல்லைச் சொல்ல முதலாளியம்மாவுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பதை அவருடைய கழுத்து நரம்பு காட்டியது. நாத்தனார் சர்க்கரை மாவு போகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதல்முறையாக முதலாளியம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலாளியம்மா நகர்ந்து போய், தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சுவரைப் பார்த்து நின்றார். கணவரும் போய் அவர் பக்கத்தில் நின்றார். கம்ப்யூட்டர்க்காரர் திரும்பிக்கொண்டார். நிதானமும் நிதானமாகத் திரும்பினார். சாவிப் பலகை தட்டும் ஓசை மட்டும் கேட்டது. நல்ல நீளமான பாஸ்வேர்டு.

மாப்பிள்ளை தோளுக்கு மேலாக மெல்ல எட்டிப் பார்த்தார். நிதானம் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.